சுனாமி எச்சரிக்கை: நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் நடுவே கிடைக்கும் நிமிடங்கள்

சுனாமியை யாரும் முன்கூட்டியே கணித்துச் சொல்வதில்லை. கடலடியில் நிலநடுக்கம் நடந்த பிறகுதான் எச்சரிக்கை வேலையே ஆரம்பிக்கிறது. அதிர்வு பாறைக்குள் நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆழ்கடலில் சுனாமி நொடிக்குச் சுமார் 200 மீட்டர் ஓடுகிறது. இந்த 40 மடங்கு வித்தியாசம்தான் நமக்குக் கையிருப்பு. செய்தி முதலில் வந்துவிடும், தண்ணீர் பின்னால் வரும். நடுவில் கிடைக்கும் நிமிடங்களில் எச்சரிக்கை மையம் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, அரசு அதிகாரிகள் கொஞ்சம், ‘நிஜமாகவா?’ என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பதில் கொஞ்சம் போகிறது. மீதி இருப்பதில்தான் நடக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமத்ராவின் வட முனையில் இருக்கும் அச்சே கரைக்கு அலை வர ஏறக்குறைய 20 நிமிடம். இலங்கைக்கும் இந்தியாவின் கிழக்குக் கரைக்கும் சுமார் 2 மணி நேரம். சோமாலியாவுக்கு 7 மணி நேரம். ஹவாயில் இருக்கும் பசிபிக் எச்சரிக்கை மையம் 15 நிமிடத்துக்குள் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. ஆனால் அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றுதான் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே அன்று கிடையாது. செய்தியை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோக ஆளும் இல்லை, வழியும் இல்லை. 14 நாடுகளில் ஏறக்குறைய 2,28,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்கு மணிக்கணக்கில் நேரம் இருந்தது.

அந்த அலை எப்படிப்பட்டது?

காற்று எழுப்பும் அலையில் கடலின் மேல்பகுதி மட்டும் அசைகிறது. சுனாமியில் அடிமட்டம் முதல் மேற்பரப்பு வரை மொத்தத் தண்ணீரும் நகர்கிறது. அதனால் அதன் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து, 9.8ஆல் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைத்துவிடும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 710 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் 80. 10 மீட்டர் ஆழத்தில் 36. மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது 100 மீட்டரை 10 நொடியில் கடக்கும் வேகம். அதாவது ஒலிம்பிக் ஓட்டக்காரர்களின் வேகம். கரையில் நின்று அலையைப் பார்த்த பிறகு ஓடலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

முன்பகுதி ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து வேகம் குறையும்போது, பின்பகுதி இன்னும் ஆழத்தில் வேகமாகவே வந்துகொண்டிருக்கும். நீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது. 2004இல் நிலநடுக்கத்துக்கு 2 மணி நேரம் கழித்து வங்கக் கடலுக்கு மேலே சென்ற ஜேசன்-1 செயற்கைக்கோள் பதிவு செய்த அலை உயரம் நடுக்கடலில் சுமார் 60 சென்டிமீட்டர்தான். அந்த உயரமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தில் பரவிக் கிடந்ததால், மேலே படகில் இருந்தவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

கரைக்கு வரும்போதும் அது சுருண்டு விழும் சுவராக வருவது அபூர்வம். கடல் மட்டமே உயர்ந்து, வெள்ளம் போல உள்ளே வந்துகொண்டே இருக்கும். சாதாரண அலை சில நொடிகளில் திரும்பிவிடும்; இது 10 நிமிடம், கால் மணி நேரம் என்று உள்ளே தள்ளும். அதனால் ‘எதிர்பார்க்கப்படும் உயரம் 1 மீட்டர்’ என்ற அறிவிப்பைக் கேட்டு, இதைவிடப் பெரிய அலை தினமும் அடிக்கிறதே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீர், வேகமாக ஓடினால், பெரியவர்களையே நிற்க விடாது. அதில் மரக்கட்டை, கண்ணாடி, படகு, கார் எல்லாம் கலந்து வரும்.

கடல் பின்வாங்கினால் சுனாமி வரும் என்பது பலருக்குத் தெரியும். அது பாதி உண்மை. 2004இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. கடலடித் தட்டு மேலே எழும்பிய பக்கத்துக்கு எதிரே இருந்த இந்தியக் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது நீரேற்றம்தான். பின்வாங்கினால் ஓட வேண்டும். பின்வாங்கவில்லை என்பதற்காக நின்றுவிடக் கூடாது.

எச்சரிக்கை மையத்துக்குள் என்ன நடக்கிறது?

நிலநடுக்கமானிகளின் பதிவுகள் வந்ததும் மையம் மூன்று கேள்வி கேட்கிறது. கடலுக்கு அடியிலா, ஆழம் குறைவா, அளவு எவ்வளவு? இந்தியப் பெருங்கடலில் 6.5 அளவுக்கு மேல் போனால் வேலை ஆரம்பம். ஹைதராபாத்தில் இருக்கும், இன்காய்ஸ் எனப்படும் இந்திய அரசின் கடல் தகவல் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இதைச் செய்கிறது. இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தக் கடல் முழுவதற்கும் தகவல் தருகின்றன.

அந்த நேரத்தில் உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போட அவகாசம் கிடையாது. நிலநடுக்கம் வரக்கூடிய இடங்களில் வெவ்வேறு அளவுகளில் வந்தால் எந்தக் கரைக்கு எத்தனை நிமிடத்தில் எவ்வளவு உயரம் போகும் என்று ஆயிரக்கணக்கான கணக்குகளை முன்பே கணினியில் போட்டு வைத்திருப்பார்கள். நடந்ததற்கு நெருக்கமானதை எடுத்து, முதல் அறிக்கையைச் சில நிமிடங்களில் வெளியிடுவார்கள். ஜப்பான் வானிலை முகமையின் இலக்கு 3 நிமிடம்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. 10 கிலோ வரை மட்டுமே காட்டும் தராசில் 50 கிலோ மூட்டையை வைத்தால் முள் 10இலேயே நின்றுவிடும். சட்டென்று அளவு சொல்லும் முறைகளும் அப்படித்தான். 8ஐத் தாண்டிய நிலநடுக்கங்களைக் குறைத்துக் காட்டுகின்றன. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம். 2.49க்கே எச்சரிக்கை வந்துவிட்டது, ஆனால் 7.9 என்ற அளவை வைத்து. இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர், மியாகிக்கு 6 மீட்டர் என்று அறிவித்தார்கள். உண்மையில் அது 9.0. அரை மணி நேரத்துக்குள் மியாகிக்கு 10 மீட்டர் என்று உயர்த்தினார்கள். அதற்குள் பல ஊர்களில் மின்சாரம் போய்விட்டது. முதலில் கேட்ட எண்ணோடு நின்றுவிட்டவர்கள் உண்டு. 3 மீட்டர்தானே, நம் கடற்சுவர் அதைவிட உயரம் என்று இருந்தவர்களும் உண்டு. இதற்குப் பிறகு 2013இல் ஜப்பான் முறையை மாற்றியது. 8ஐத் தாண்டும் என்று தோன்றினால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கே வராது. ‘மிகப் பெரியது’ என்று மட்டும் வரும். எண் பிறகு. நல்ல மாற்றம் என்றே சொல்ல வேண்டும். தவறான எண்ணைவிட எண் இல்லாத எச்சரிக்கை ஆட்களை நகர்த்தும்.

அளவு பெரிதாக இருந்தும் அலை சிறிதாக இருப்பதும் உண்டு. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம். இந்தியப் பெருங்கடல் முழுக்க எச்சரிக்கை, ஆனால் வந்தது சிறிய அலை. பாறைத் தட்டுகள் மேலும் கீழும் நகராமல் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் தண்ணீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. தட்டு எப்படி நகர்ந்தது என்பது தெளிவாகக் கூடுதல் நிமிடங்கள் பிடிக்கும். மையம் அதுவரை காத்திருக்க முடியாது.

சந்தேகத்தைத் தீர்ப்பது கடலே. டார்ட் எனப்படும் கருவியில் இரண்டு பாகம் உண்டு. கடலின் அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கும் அழுத்தமானி ஒன்று, மேலே நங்கூரமிட்ட மிதவை ஒன்று. அழுத்தமானி 15 நொடிக்கு ஒருமுறை தனக்கு மேலே இருக்கும் நீரின் எடையை அளக்கும். பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு, மேலே சில மில்லிமீட்டர் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி இறங்குவது, கணக்கிட்டபடி இல்லாமல் சுமார் 3 சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிந்தால், அவசர நிலைக்கு மாறித் தகவலை ஒலி அலையாக மேலே அனுப்பும். மிதவை அதைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். கரையோர ஓதமானிகள் இதோடு சேர்ந்துகொள்ளும். அலை உறுதியாகிறது, அல்லது எச்சரிக்கை விலக்கப்படுகிறது.

பலவீனம் மிதவையில்தான். புயல், துரு ஒரு பக்கம். அதில் படகைக் கட்டுவது, வலை சிக்குவது, பாகங்களைக் கழற்றிக்கொண்டு போவது இன்னொரு பக்கம். 2018இல் சுலவேசித் தீவில் சுனாமி வந்தபோது இந்தோனேசியாவின் மிதவைகள் பல ஆண்டுகளாகச் செயலிழந்து கிடந்தன.

அறிவிப்பை எப்படிப் படிப்பது?

இன்காய்ஸ் அறிவிப்பில் மூன்று படிகள். 2 மீட்டருக்கு மேல் எதிர்பார்த்தால் உச்ச எச்சரிக்கை: கரையோரப் பகுதியைக் காலி செய்ய வேண்டும். அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரை அதற்கு அடுத்த படி: கடற்கரையிலும் கழிமுகத்திலும் யாரும் இருக்கக் கூடாது, கடலுக்குப் போகக் கூடாது. அதற்குக் கீழே இருந்தால் கவனித்திருக்கும் நிலை. அலை 60 நிமிடத்துக்குள் வந்துவிடக்கூடிய கரைகளுக்கு நிலநடுக்கக் கணக்கை மட்டும் வைத்தே எச்சரிக்கை வரும். தொலைவில் இருக்கும் கரைகளுக்கு முதலில் ‘கவனித்திருங்கள்’ என்று வந்து, கடல் மட்டப் பதிவு கிடைத்த பிறகு உயர்த்தப்படலாம். ஜப்பானில் எல்லைகள் வேறு: 3 மீட்டருக்கு மேல், 1 முதல் 3, 20 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர். வெளிநாட்டுக் கடற்கரையில் இருக்கும்போது நம் ஊர்ப் படிகளை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

அறிவிப்பில் வரும் நேரம் முதல் அலைக்கானது. பெரிய அலைக்கானது அல்ல. 1960 மே மாதம் சிலியில் 9.5 அளவு நிலநடுக்கம். சுமார் 15 மணி நேரம் கழித்து அலை ஹவாயின் ஹீலோ நகருக்கு வந்தது. மாலையிலேயே சைரன் ஒலித்தது. ஆனால் சைரன் முறையைச் சற்று முன்புதான் மாற்றியிருந்தார்கள். இது தயாராகச் சொல்லும் சைரனா, கிளம்பச் சொல்லும் சைரனா என்று புரியாமல் பலர் வீட்டிலேயே இருந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் வந்த முதல் அலை சிறியது. அவ்வளவுதான் போல என்று சிலர் திரும்பி வந்தார்கள். 1.04 மணிக்கு வந்த பெரிய அலை நகரத்தின் நடுப்பகுதியை அடித்துப் போனது. 61 பேர் இறந்தார்கள், எச்சரிக்கை பல மணி நேரம் முன்பே வந்திருந்தும்.

கருவிகள் முந்த முடியாத கரைகள்

நிலநடுக்கம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கரைக்கு 5 முதல் 20 நிமிடம் கிடைத்தால் அதிகம். மேலே சொன்ன கருவி எதுவும் அங்கே பெரிதாக உதவாது. 2018 செப்டம்பரில் சுலவேசியின் பாலு நகரில், வளைகுடாவுக்குள் ஏற்பட்ட சரிவுகளும் சேர்ந்து, சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எச்சரிக்கை அமைப்பைத் தட்டி எழுப்பும் அளவுக்கு நிலநடுக்கம் இல்லாததால் சைரனே ஒலிக்கவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே அருகில் இருக்கும் கரையில் நிலம்தான் சைரன். நிற்க முடியாத அளவுக்கு ஆட்டம், அல்லது மெதுவாக இருந்தாலும் 20 நொடிக்கு மேல் நீடிக்கும் ஆட்டம், கடல் திடீரென்று ஏறுவது அல்லது வற்றுவது, கடலிலிருந்து விமானம், ரயில் போன்ற இரைச்சல். இதில் ஒன்று போதும். இரண்டாவது அடையாளத்துக்கோ அறிவிப்புக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. ‘மெதுவாக இருந்தாலும்’ என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில நிலநடுக்கங்களில் பாறை மெதுவாக வழுக்கும். வீட்டில் பாத்திரம்கூட விழாது, கடல் மட்டும் எழும்பும். 1896இல் ஜப்பானின் சன்ரிக்குக் கரையில் லேசான ஆட்டத்துக்குப் பிறகு வந்த சுனாமியில் சுமார் 22,000 பேர் இறந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சுமத்ராவை ஒட்டிய சிமுலுவே தீவு. 2004 நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த நிலப்பரப்புகளில் ஒன்று. அங்கே 1907இல் ஒரு சுனாமி வந்திருக்கிறது. பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு என்று பாட்டிலும் கதையிலுமாக நான்கு தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கருவி ஒன்றுகூட இல்லை.

ஊர் எப்படித் தயாராவது?

முதலில் வரைபடம். தண்ணீர் எதுவரை வரும், மேடு எங்கே, எந்த வழியில் பாலம் இருக்கிறது, எந்த வழி கடலுக்கு இணையாக ஓடுகிறது. கடலுக்கு இணையான சாலை நீளமாக இருந்தாலும் அது தப்பும் வழி ஆகாது. ஆறும் கழிமுகமும் இருந்தால் இன்னும் கவனம். சுனாமி ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் ஏறும், கரையை உடைத்துப் பக்கவாட்டில் வரும். பொதுவான அளவுகோல், கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரம் அல்லது 2 முதல் 3 கிலோமீட்டர் உள்ளே. உங்கள் கரைக்கென்று அரசு வரைபடம் இருந்தால் அதுதான் முதன்மை.

பிறகு நடைக் கணக்கு. அலை வர 20 நிமிடம் என்று வையுங்கள். ஆட்டம் நிற்க 2 நிமிடம், வீட்டாரைக் கூட்டி வாசலுக்கு வர 5 நிமிடம். கையில் 13 நிமிடம். நடுத்தர வேகத்தில் ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் நடப்பார். முதியவரோ குழந்தையோ கூட வந்தால் 0.7 மீட்டர்கூட ஆகாது. 13 நிமிடத்துக்கு முதல் வகை 780 மீட்டர், இரண்டாம் வகை 550 மீட்டர். மேடு 700 மீட்டரில் இருக்கிறது என்றால், இந்த வீட்டில் பாட்டிக்கு ஏற்பாடு இல்லை என்று பொருள். அவருக்கு யார் கைகொடுப்பது, சக்கர நாற்காலி அந்த வழியில் போகுமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவில் விளக்கில்லாமலும் நடந்து பார்த்தால்தான் பூட்டிய கேட், மூடியில்லாத சாக்கடை, குறுக்கே கட்டிய வேலி எல்லாம் தெரியவரும்.

மேடு எட்டாத தூரத்தில் இருந்தால் உயரமான கட்டடம். இரும்புக்கம்பி பதித்த கான்கிரீட் கட்டடத்தில் மூன்றாவது மாடி அல்லது அதற்கு மேல். கீழ்த்தளம் தூண்கள் மட்டுமாய்த் திறந்திருந்தால் தண்ணீர் ஊடே போய்விடும், கட்டடத்தின் மேல் சுமை குறையும். மாடிப்படிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். இரவு 2 மணிக்கு அதுதான் பெரிய விஷயம்.

சைரனுக்குத் தனி மின்கலம் வேண்டும், குறித்த நாளில் சோதனை ஒலி வேண்டும், எந்த ஒலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் ‘மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்’ என்று சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். ‘கடற்கரைத் தெருவில் இருப்பவர்கள் எல்லாரும் இப்போதே நடந்து பள்ளிக்கூட மேட்டுக்குப் போங்கள், முதல் அலை 9.10க்கு’ என்று யார், எங்கே, எப்படி, எப்போது நான்கும் வர வேண்டும். செல்பேசி, வானொலி, கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கி என்று குறைந்தது இரண்டு மூன்று வழி இருக்கட்டும். ஒன்று கட்டாயம் படுத்துவிடும். யுனெஸ்கோவின் ‘சுனாமிக்குத் தயார்’ திட்டம் இதையெல்லாம் 12 அளவுகோல்களாக வைத்து ஊர்களுக்குச் சான்று தருகிறது. இந்தியப் பெருங்கடல் பகுதியில் அதை முதலில், 2020இல், பெற்றவை ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்கள்.

நேரம் வந்தால்

ஆட்டம் நிற்கும் வரை தலையைக் காத்துக்கொள்ளுங்கள், நின்றதும் நடங்கள். பையில் ஏற்கெனவே இருப்பது மட்டும்: தண்ணீர், மருந்து, டார்ச், வானொலி, நெகிழி உறையில் ஆவணங்கள். பை கைக்கு எட்டாவிட்டால் விட்டுவிடலாம். வண்டி வேண்டாம். 2012 எச்சரிக்கையின்போது பண்டா அச்சே சாலைகள் கார்களும் மோட்டார் சைக்கிள்களுமாக அடைத்துக்கொண்டு நின்றன. பெரிய அலை வராததால் தப்பினார்கள். நடக்க முடியாதவரை ஏற்றிப் போகத்தான் வண்டி.

பள்ளியில் இருக்கும் பிள்ளையைக் கூட்டிவரக் கடல் பக்கமாகப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. பள்ளியே மேட்டுக்குக் கூட்டிப்போகும், அங்கே சந்திப்போம் என்று முன்பே பேசி வைத்தால்தான் அந்தத் துடிப்பை அடக்க முடியும். 2011இல் ஜப்பானின் கமாய்ஷி நகரில் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் ஆட்டம் நின்றதும் ஓட ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். குறித்து வைத்த இடத்துக்கு வந்த பிறகும் அது போதாது என்று பட்டதால் இன்னும் மேலே, அங்கிருந்தும் மேலே போனார்கள். பள்ளிகள் மூழ்கின, பிள்ளைகள் பிழைத்தார்கள். அதே நாளில் இஷினோமாக்கியின் ஒகாவா தொடக்கப்பள்ளியில் எங்கே போவது என்று முடிவாகாமல் மைதானத்திலேயே ஏறக்குறைய 50 நிமிடம் போயிற்று. 74 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் குன்று இருந்தது.

கடலில் இருக்கும் படகுக்குக் கணக்கு தலைகீழ். ஆழத்தில் அலை தெரியாது, துறைமுகத்தில்தான் அது கொல்லும். எச்சரிக்கை கேட்டால் கரைக்குத் திரும்பாமல் ஆழத்துக்குப் போக வேண்டும். பரவலாகச் சொல்லப்படும் ஒரு வழிகாட்டல் 100 பாகம் ஆழம், அதாவது சுமார் 180 மீட்டர். கரையில் கட்டிக் கிடக்கும் படகைக் காப்பாற்ற ஓடுவது வேறு விஷயம். அலை வர மணிக்கணக்கில் இருந்து, துறைமுக அதிகாரிகளும் சொன்னால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மேட்டுக்குப் போன பிறகு, இறங்கும் அனுமதி வரும்வரை இறங்கக் கூடாது. அலைகள் 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேர இடைவெளியில், பல மணி நேரத்துக்கு, சில சமயம் ஒரு நாள் முழுக்க வரலாம். வளைகுடாவிலும் துறைமுகத்திலும் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே முன்னும் பின்னும் மோதிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை மையம் தன் அறிவிப்பை விலக்குவது ஒன்று. பாதை, பாலம், மின்கம்பி எல்லாம் பார்த்து உள்ளூர் நிர்வாகம் இறங்கலாம் என்று சொல்வது இன்னொன்று. காத்திருக்க வேண்டியது இரண்டாவதற்கு. வீட்டுக்குள் நுழையும் முன் சுவரில் விரிசலும் எரிவாயு வாசனையும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்த மின் இணைப்பை மின்பணியாளர் சோதிக்காமல் போடக் கூடாது. கிணற்றில் கடல் நீர் புகுந்திருந்தால் அதில் உப்போடு கழிவும் கலந்திருக்கும், கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. ஒரேயடியாக முழுக்க இறைத்தால் சுற்றிலும் நிலத்துக்குள் இருக்கும் உப்பு நீர் இன்னும் உள்ளே வரும், ஆகவே சோதனை முடியும்வரை லாரித் தண்ணீரே.